பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையா? சிங்கப்பூர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியில் பல ஆண்டு தமிழாசிரியையாக இருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று ஒருவர் கேட்பார். இரவில் அதே கேள்வியை இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நான் மருத்துவரோ உளவியலாளரோ இல்லை. அவர்கள் சொல்ல வேண்டியதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பையன் தொடக்கநிலை ஒண்ணு சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் வாசிக்க வரலை. பயப்படணுமா?

பயம் வேண்டாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். ஆறு வயது முடிந்த பிள்ளைகளில் ஒருவர் கதைப்புத்தகம் வாசிப்பார், இன்னொருவர் இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்குவார். இரண்டும் சாதாரணம். நான் கவனிக்கச் சொல்வது வேறு சில விஷயங்களை. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த எழுத்து மறுநாளே புதிதாகத் தெரிகிறதா? ‘படம்’ என்ற சொல்லில் முதல் ஒலி எது என்று கேட்டால் விழிக்கிறானா? வீட்டில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இதே சிரமம் இருந்ததா? இவை சேர்ந்து வந்தால் வகுப்பாசிரியரிடம் இப்போதே பேசுங்கள்.

அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். நம் ஊரில் கிட்டப்பார்வை எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுபோலக் கேட்கும்.

“வளர வளரத் தானா வந்துடும்” என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பேச்சு தானாக வரும், வாசிப்பை யாராவது சொல்லித்தர வேண்டும். வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986இலேயே எழுதியதுதான்: தொடக்கத்தில் பின்தங்கும் பிள்ளை குறைவாக வாசிக்கிறது, குறைவாக வாசிப்பதால் இன்னும் பின்தங்குகிறது. காத்திருந்தால் இடைவெளி பெருகும்.

கடகடன்னு வாசிக்கிறா. என்ன வாசிச்சேன்னு கேட்டா ஒண்ணும் தெரியலை. இது எப்படி?

வாசிப்பில் இரண்டு வேலை இருக்கிறது. எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒன்று. அந்த ஒலிக்குப் பின்னால் உள்ள மொழியைப் புரிந்துகொள்வது இன்னொன்று. காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். உங்கள் மகளுக்கு முதல் வேலை நன்றாக வருகிறது, இரண்டாவதுதான் வரவில்லை.

ஒரு காட்சி. “மழை பெய்ததால் போட்டி ஒத்திவைக்கப்பட்டது” என்ற வாக்கியத்தை ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் பிசிறில்லாமல் வாசித்தாள். போட்டி எப்போது நடந்தது என்று கேட்டேன். “மழையில” என்றாள். ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்ற சொல்லை அவள் அதற்கு முன் எங்குமே கேட்டதில்லை. “இன்னொரு நாளைக்கு மாத்திட்டாங்க” என்று சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. அவளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தால் நேரம்தான் வீண். சொல்வளம்தான் வேண்டும்.

சரி, எங்க பிள்ளைக்கு எங்க தடுக்குதுன்னு வீட்லயே தெரிஞ்சுக்க முடியுமா?

ஓரளவு முடியும். அவன் வகுப்புக்கு ஏற்ற, அவன் பார்க்காத இரண்டு சிறு கதைகளை எடுங்கள். ஒன்றை நீங்கள் வாசித்துக்காட்டிவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். மற்றதை அவனே வாசிக்கட்டும், அதிலும் நான்கு கேள்வி. நீங்கள் வாசித்தது புரிந்து, தான் வாசித்தது புரியவில்லை என்றால் எழுத்தில் தடுக்கிறது. இரண்டுமே புரியவில்லை என்றால் மொழியில் தடுக்கிறது. சில பிள்ளைகளுக்கு இரண்டிலும்.

எழுத்தில்தான் தடுக்கிறது என்றால் தவறுகளை அப்படியே எழுதி வையுங்கள், அப்போதைக்குத் திருத்த வேண்டாம். ‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒருவன் ‘கெடி’ என்கிறான்: முன்னால் உள்ள கொம்பைப் பார்த்தான், பின்னால் உள்ள காலைப் பார்க்கவில்லை. இன்னொருவன் ‘காடி’ என்கிறான்: காலைப் பார்த்தான், கொம்பை விட்டுவிட்டான். மூன்றாமவன் ‘கோழி’ என்கிறான். அவன் எழுத்தையே பார்ப்பதில்லை, முதல் எழுத்தின் சாயலை வைத்துக் குறிசொல்கிறான். மூவருக்கும் மதிப்பெண் ஒன்றாகத்தான் வரும். ஆனால் சொல்லித்தர வேண்டியது மூன்று வெவ்வேறு பாடம். ஆசிரியரிடம் போகும்போது “வாசிக்க மாட்டேங்கிறான்” என்று மட்டும் சொல்லாமல் இந்தத் தாளைக் காட்டுங்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.

இங்கிலீஷ் நல்லா வாசிக்கிறா, தமிழ் மட்டும்தான் வரலை. டிஸ்லெக்சியாவா இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு எந்த மொழியில் வாசித்தாலும் ஏதோ ஒரு சுவடு தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தாறுமாறாக இருப்பதால் அங்கே சிரமம் இன்னும் வெளிப்படையாகவே தெரியும். ஆங்கிலம் சரளமாக வந்து தமிழ் மட்டும் தடுமாறினால், தமிழோடு போதிய பழக்கம் இல்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டுவாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. வாரத்தில் சில மணி நேரம் வகுப்பில் மட்டும் தமிழைக் கேட்கும் பிள்ளைக்கு அது பாதி அந்நிய மொழிதான். அதற்கு நோயின் பெயர் வைக்கத் தேவையில்லை.

மறுபக்கமும் நடக்கிறது. இரு மொழியிலும் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, “ரெண்டு மொழி படிக்கிறதால குழம்புறான்” என்று சொல்லி உண்மையான டிஸ்லெக்சியாவை ஆண்டுக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது வகைதான்.

தமிழ் எழுதுற மாதிரியே வாசிக்கிற மொழிதானே? அப்புறம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் ஒழுங்கு உண்மைதான். ஆனால் எண்ணிக்கை? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்தின் வடிவத்தைச் சில மாதங்களில் முடித்துவிடும். நம் எழுத்துமுறைக்கு உறவான கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளுக்கு எழுத்துகள் முழுதும் கைவசப்படத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. ஆகவே இரண்டாம் வகுப்பில் ‘ஞௌ’ தெரியவில்லை என்று யாரும் தலையில் கைவைக்க வேண்டாம். அந்த எழுத்து வரும் சொல்லை நானே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, து, மு, ரு என்று உகரம் மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. அதோடு கல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒலிப்பது வேறுவேறாக. சொல்லைக் காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை, வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். கேட்டிராத பிள்ளை எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், தான் சொன்னது சரியா என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும்.

அதனால் நான் 247ஐயும் அட்டவணையாக மனப்பாடம் செய்யவைப்பதில்லை. அடிக்கடி வரும் மெய்களையும் அ, ஆ, இ, உ குறிகளையும் முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றால் மட்டுமே ஆன சொற்களை வாசிக்கவைப்பேன்: படம், மாடு, கிளி, பாட்டி. எ, ஏ, ஐ அடுத்து. இருபுறமும் பிரியும் ஒ, ஓ கடைசியில், அதுவும் நிறைய நேரம் எடுத்து.

ல, ள, ழ, ந, ன, ண எல்லாத்தையும் மாத்தி மாத்தி எழுதறான். இது அறிகுறியா?

இது மட்டும் என்றால் இல்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் எழுதுவதைப் பார்த்தாலே தெரியும். பேச்சில் வேறுபாடு மறைந்துபோன எழுத்துகளைப் பிள்ளை காதால் பிரித்து எழுத முடியாது, கண்ணால் பழகித்தான் எழுத வேண்டும்.

பேசுற தமிழ்ல சொன்னா எல்லாம் புரியுது. புத்தகத்துல அதே விஷயம் வந்தா முழிக்கிறான். ஏன்?

வீட்டில் அவன் கேட்பது “வந்துக்கிட்டு இருக்காங்க”. புத்தகத்தில் இருப்பது “வந்துகொண்டிருக்கிறார்கள்”. 13 எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. வாசித்து ஆறாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். வாசிப்பில் நல்ல தேர்ச்சி உள்ள பிள்ளைகூட முதல் தடவை இதில் திணறும்.

பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக்காட்டுங்கள்: வந்து / கொண்டு / இருக்கிறார்கள். பிறகு “நம்ம வீட்ல இதை எப்படிச் சொல்வோம்?” என்று கேளுங்கள். அவனே பேச்சுத்தமிழில் சொல்லிவிடுவான். இந்த இரண்டையும் இணைத்துக்காட்டுவதில் செலவழிக்கும் ஐந்து நிமிடம், பத்துப் பயிற்சித்தாள்களுக்குச் சமம் என்பது என் அனுபவம். பேச்சுத்தமிழைக் கொச்சை என்று விரட்டினால் பிள்ளையிடம் இருக்கும் ஒரே பிடிமானத்தையும் பிடுங்கிவிடுகிறோம்.

வீட்டில் கதை வாசித்துக்காட்டுவதும் இதற்காகத்தான். எழுத்துத்தமிழ் காதில் விழ வேறு வழி அதிகமில்லை. வானொலிச் செய்தி இருக்கிறது, ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பள்ளியிலேர்ந்து எல்எஸ்பியில போட்டிருக்கோம்னு கடிதம் வந்துச்சு. என் பிள்ளை மக்குன்னு முத்திரை குத்துறாங்களா?

இல்லை. அந்தக் கடிதம் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள் என்றே சொல்வேன். எல்எஸ்பி எனப்படும் கற்றல் ஆதரவுத் திட்டம் 1990களிலிருந்தே நடக்கிறது. தொடக்கநிலை 1 தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பைச் சோதித்து, உதவி தேவைப்படும் பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் தினமும் சுமார் அரை மணி நேரம் சொல்லித்தருவார். கட்டணம் இல்லை. வெளியில் இதே கவனிப்புக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

பிள்ளை அந்த வகுப்புக்கு எழுந்துபோவதைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்கிறார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். செய்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆட்கள் கேலி செய்தால் அதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

எல்எஸ்பி ரெண்டு வருஷம் போயும் மூணாம் வகுப்புல அப்படியே இருக்கான். அடுத்து என்ன?

இரண்டாம் வகுப்பு முடிவில் இன்னும் சிரமப்படும் பிள்ளைகளைப் பள்ளி மறுபடி பார்க்கும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குப் பள்ளியிலேயே நடக்கும் நிவாரணத் திட்டம் 2012இல் சில பள்ளிகளில் தொடங்கி, 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அது தொடக்கநிலை 3, 4 மாணவருக்கானது. டிஸ்லெக்சியா இல்லாமலே பின்தங்கியவர்களுக்கு வேறொரு வாசிப்புத் திட்டம் உண்டு. இவை ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்குத் தொடக்கநிலை 3, 4இல் தாய்மொழி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று தமிழாசிரியரைக் கேளுங்கள்.

கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் சிறப்புத் தேவை அதிகாரி ஒருவராவது பள்ளியில் இருப்பார். முன்பு துணைக் கல்வியாளர் என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பேச முடியாது. அவரோடு தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன தவறுப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

டிஸ்லெக்சியா சோதனை எங்கே எடுக்கறது? எந்த வயசுல எடுக்கலாம்?

பாலர் பள்ளி வயதென்றால் பலதுறை மருந்தகத்தில் பேசி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். தொடக்கப்பள்ளியில் சேர்ந்துவிட்டால் முதலில் பள்ளி வழியாகப் போங்கள். 1991இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் சோதனை செய்கிறது, தீவின் பல இடங்களில் வகுப்பும் நடத்துகிறது. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ‘முடியாது’ என்று நீங்களே முடிவுகட்டாமல் கேட்டுவிடுங்கள்.

ஆறு வயதுக்கு முன் யாரும் உறுதியாகச் சொல்வது அரிது. முறையாகச் சொல்லித்தந்தும் வரவில்லை என்பதுதான் முக்கியமான சான்று, அதற்குச் சொல்லித்தந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சான்றிதழ் வரும்வரை உதவியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பெயர் எதுவானாலும் தொடக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

டிஸ்லெக்சியான்னு எழுதிட்டா வாழ்க்கை முழுக்க அது கூடவே வருமே? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?

சொந்தக்காரர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். டிஸ்லெக்சியா மூளை எழுத்தையும் ஒலியையும் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு. அறிவுக்கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும். நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ தமக்கு இலேசான டிஸ்லெக்சியா இருப்பதை வெளிப்படையாகவே சொன்னார். இதைச் சொன்னதும் பாதித் தாத்தாக்கள் அமைதியாகிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் பெயர் வைக்காவிட்டாலும் பிள்ளை தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். ‘நான் முட்டாள்’ என்பதே பெரும்பாலும் அந்தப் பெயர்.

தமிழை விட்டுட்டு இங்கிலீஷ் மட்டும் பார்த்துக்கலாமா? ஒரு மொழின்னா சுலபமா இருக்கும்ல?

அவசரப்படாதீர்கள். இரு மொழி கற்பதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, ஒன்றை விட்டால் அது போவதுமில்லை. ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன் ஒரு மொழியில் வளர்ந்தால் மற்றதற்கும் உதவும்.

தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு என்பது கடைசிப் படி. அதற்கு முன் ஐந்தாம் வகுப்பிலிருந்து அடிப்படைத் தமிழ் எடுக்கலாம், உயர்நிலையில் சுலபமான ‘பி’ பாடத்திட்டம் இருக்கிறது. கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்க உளவியலாளர் அறிக்கை போன்ற ஆதாரம் வேண்டும். விலக்குக் கிடைத்தாலும் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கநிலை இறுதித் தேர்வில் தமிழுக்கு ஈடாக 6 முதல் 8க்குள் ஓர் அடைவுநிலை (1 சிறந்தது, 8 கடைசி) ஒதுக்கப்படும், வெற்றிடமாக விடமாட்டார்கள். கடுமையான சிரமம் உள்ள பிள்ளைக்கு விலக்கு பெரிய நிம்மதிதான், நானே சிலருக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் “தமிழ்தானே, விட்டா என்ன” என்ற எண்ணத்தில் கேட்கும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்பேன்: பாட்டியோடு அவன் எந்த மொழியில் பேசப்போகிறான்? தேர்வில் விட்டாலும் வீட்டில் பேச்சை விடாதீர்கள்.

எங்க வீட்ல மலையாளம். பொண்ணு பள்ளியில தமிழ் எடுக்கிறா. அதனாலதான் வாசிப்பு வரலையா?

வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றைப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். மலையாளமும் தெலுங்கும் அதில் இல்லாததால் உங்களைப்போல் பல குடும்பங்கள் தமிழுக்கு வருகின்றன. மலையாளம் தெரிந்திருப்பது உங்கள் மகளுக்கு மூலதனம். கண்ணு, காது, வீடு, மரம் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். தமிழ் பேசிப் பழக்குகிறேன் என்று வீட்டில் மலையாளத்தை நிறுத்தாதீர்கள். அவளுக்குத் தேவை எழுத்தும், தமிழுக்கே உரிய வினைமுற்றுகளும்.

தேர்வுல கூடுதல் நேரம் கிடைக்குமாமே?

கிடைக்கலாம். பள்ளி வழியாகச் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிக்கை மிகப் பழையதாக இருக்கக் கூடாது, பள்ளியிலும் அதே ஏற்பாடு நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். கூடுதல் நேரம் வாசிக்கத் தெரிந்தும் மெதுவாக வாசிக்கிறவனுக்கு உதவும், வாசிக்கவே தெரியாதவனுக்கு உதவாது.

துணைப்பாட வகுப்புல சேர்த்தா சரியாயிடுமா?

என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வாசிக்க வராத பிள்ளையை உட்காரவைத்துக் கருத்தறிதல் தாளை மேலும் மேலும் செய்யவைத்தால் வெறுப்புதான் வளரும். “என் பிள்ளைக்கு எந்த எழுத்துகள் தெரியாது?” என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியரை விடாதீர்கள். சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் ஸ்டெப் வகுப்புகள் கட்டணம் குறைவு, ஆனால் அவை பாடத் துணைவகுப்புகள். தனி எழுத்துப் பயிற்சி வேண்டுமா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

எனக்கு ஷிஃப்ட் வேலை. தினமும் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அதுல என்ன செய்ய?

பத்து நிமிடம் தாராளம், தினமும் இருந்தால். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை வாசிப்புக்கு ஐந்து அங்கங்களைச் சொன்னது: ஒலியுணர்வு, எழுத்தொலி உறவு, சரளம், சொல்வளம், கருத்தறிதல். வீட்டில் சுலபமாகச் செய்யக்கூடியது சரளம்தான். எட்டு வரி உள்ள பத்தி ஒன்று போதும். முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவன் மட்டும். மறுநாளும் அதே பத்தி, அதற்கு மறுநாளும் அதே. மூன்றாம் நாள் அவன் குரலில் வரும் மாற்றத்தை நீங்களே கேட்பீர்கள். பெற்றோருக்குத்தான் இது அலுக்கிறது, பிள்ளைக்கு அலுப்பதில்லை.

நீங்கள் இரவு ஷிஃப்டில் இருந்தால் வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள். அவன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். தேசிய நூலக வாரியத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன, உறுப்பியம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். வீட்டில் யாருமே வாசித்துக்காட்ட இயலாத நிலை என்றால் 2004 முதல் நடக்கும் கிட்ஸ்ரீட் திட்டத்தைப் பற்றி நூலகத்தில் கேளுங்கள். தொண்டூழியர்கள் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுகிறார்கள்.

சொல் தெரியலைன்னா படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். அதைத்தான் ‘கோழி’ என்று வாசித்தவன் செய்துகொண்டிருந்தான். படம் உள்ளவரை சமாளிப்பான், நான்காம் வகுப்பில் படங்கள் குறைந்ததும் மாட்டிக்கொள்வான். சொல்லை விரலால் மறைத்து எழுத்தெழுத்தாகத் திறந்துகாட்டுங்கள். வாசித்து முடித்த பிறகு படத்தைப் பார்த்து, “சரியா இருக்கா?” என்று சோதிக்கலாம்.

கலர் கண்ணாடி, மீன் எண்ணெய், மூளைப் பயிற்சி இதெல்லாம்?

வாசிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. அந்தக் காசில் புத்தகம் வாங்கலாம்.

எங்க அம்மா பழைய எழுத்துல சொல்லித்தர்றாங்க. பிள்ளை குழம்பறானே?

1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பின்னர் இங்கும் ஏற்கப்பட்டது. லை, னை, றா, ணா போன்ற சில எழுத்துகளைப் பாட்டி பழைய வடிவில் எழுதுவார். பாட்டி கதை சொல்லட்டும், வாசித்துக்காட்டட்டும். எழுதிக்காட்டுவதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியைத் திருத்தப்போனால் கதையும் நின்றுவிடும்.

என் பையனுக்கு ஆட்டிசம். நாலு வயசுலேயே மடமடன்னு வாசிச்சான். வாசிப்புல பிரச்சினை இல்லைன்னு எடுத்துக்கலாமா?

இரண்டாம் கேள்வியின் பதிலை அப்படியே இங்கும் வைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு எழுத்தை ஒலியாக்குவது வியக்கும்படி வரும், பொருள் பின்தங்கும். “அவன் ஏன் அழுதான்?” போன்ற கேள்விகளில்தான் தடுமாறுவான். கதையை நடித்துக்காட்டுவது, படவரிசையாக அடுக்கவைப்பது, அவனுக்குப் பிடித்த பொருளைப் பற்றிய தகவல் நூல்களில் தொடங்குவது பலன் தரும். எம்ஆர்டி ரயில் நிலையங்களின் பெயர்களைத் தமிழில் வாசிப்பதில் தொடங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் தமிழாசிரியர். வகுப்புல இருபதுக்கு மேல பிள்ளைங்க, அதுல மூணு பேருக்கு வாசிக்கவே வராது. நடைமுறையில என்னதான் செய்ய?

வரிசையாக எழுப்பி ஒவ்வொருவராக உரக்க வாசிக்கவைப்பதை முதலில் நிறுத்துங்கள். அந்த மூவரும் தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள், பாடம் காதில் விழாது. பதிலாக எல்லாரும் சேர்ந்து வாசிக்கட்டும், பிறகு இருவர் இருவராக. உரக்க வாசிக்கவைத்தே ஆக வேண்டும் என்றால் எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் பழகிக்கொண்டு வருவான்.

பாடத்தின் கருத்தை அவர்களிடமிருந்து மறைக்காதீர்கள். நீங்கள் வாசித்துக்காட்டி வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் வகுப்பிலேயே சிறந்த பதில் அந்த மூவரில் ஒருவரிடமிருந்து வருவதுண்டு. அதை மற்றவர்களும் கேட்க வேண்டும். தனியாக எழுத்துப் பயிற்சிக்கு, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் பத்து நிமிடம் போதும். மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதற்கு முன், மூவருக்கும் குறை ஒன்றுதானா என்று பாருங்கள். ஒருவருக்கு ஒகரக் குறி, இன்னொருவருக்குச் சொல்வளம், மூன்றாமவர் சென்ற ஆண்டுதான் வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்றால் அது குழுவே இல்லை. பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். நானும் அந்த அவசரத்தில் இருந்தவள்தான். வாரத்தில் மூன்று நாள் பத்து நிமிடம் கிடைத்தாலே ஒரு தவணையில் வித்தியாசம் தெரியும்.

பையனுக்குப் பதிமூணு வயசு. உயர்நிலை ஒண்ணு. இனிமே முடியுமா?

முடியும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்ததை அப்படியே செய்ய முடியாது. முதல் தடை வெட்கம். அணிலும் முயலும் உள்ள புத்தகத்தைக் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. தமிழ் முரசு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அவன் ஆதரிக்கும் காற்பந்துக் குழுவைப் பற்றிய செய்தி நல்ல தொடக்கம். ஆட்டக்காரர்களின் பெயர்கள் அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் பாதி வாசிப்பு இலவசம். நீண்ட சொற்களைக் கோடு போட்டுப் பிரிப்பது, ஒரே பத்தியைப் பல நாள் வாசிப்பது இரண்டும் இந்த வயதிலும் பலிக்கும். இதுவரை சோதனை எதுவும் செய்யவில்லை என்றால் பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரியிடம் இப்போது பேசினாலும் தாமதம் இல்லை, பொதுத்தேர்வுக்கு இன்னும் சில ஆண்டு இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கட்டும். வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து எனக்கு அனுப்பும் பையன்கள் இருக்கிறார்கள், நேரில் ஒரு வரிகூட வாசிக்க மாட்டார்கள். நல்லா வாசிக்கும் தங்கை இருந்தால் அந்த நேரத்தில் அவளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.